பம்ப்பை நிறுத்திய பிறகு

மூடிக் கிடக்கும் கழிவு சுத்திகரிப்பு ஆலையின் நிலத்தடி நீரைச் சுத்தம் செய்த அறிக்கை எதைப் புரட்டினாலும் ஒரே மாதிரி வரைபடம்தான் இருக்கும். இடது ஓரத்தில் உயரத்தில் தொடங்கும் கோடு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சரசரவென்று இறங்கி, அப்புறம் படுத்துவிடும். படுத்த இடம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இருந்தால் ‘பணி நிறைவு’ என்று எழுதி, பம்ப்பைக் கழற்றி, கோப்பை மூடிவிடுவார்கள். எனக்கு உறுத்துவது அந்தக் கோடு முடியும் இடம். பம்ப் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த கடைசி அளவோடு அது நின்றுவிடுகிறது. பம்ப்பை நிறுத்தி ஒரு வருடம் கழித்து அதே கிணற்றில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. இருந்தால் அது சங்கடமான பதிலாக இருக்கும்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. 1994ல் அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கவுன்சில், நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் முறை நடந்துகொண்டிருந்த 77 இடங்களை எடுத்துப் பார்த்தது. 69 இடங்கள் இலக்கை எட்டியிருக்கவில்லை. துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. ஆனாலும் புதிதாக ஓர் இடத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால் இறைப்புக் கிணறும், மாசை உறிஞ்சிப் பிடிக்கும் கார்பன் தொட்டியும்தான் முதல் பக்கத்தில் வந்து உட்காரும். ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிற வேலை. மீட்டர் ஓடுகிறது, குழாயில் தெளிந்த நீர் வருகிறது, இத்தனை கோடி லிட்டர் சுத்திகரித்தோம் என்று ஆண்டறிக்கையில் போட முடிகிறது. எத்தனை கிராம் மாசு வெளியே வந்தது, உள்ளே எத்தனை கிலோ மிச்சம் என்ற இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்காதவரை எல்லாம் நன்றாகவே நடக்கும்.

பதிவேட்டில் இல்லாத இடங்கள்

கழிவு சுத்திகரிப்பு ஆலை என்பது மற்ற தொழிற்சாலைகளைப் போல ஒன்றிரண்டு ரசாயனங்களோடு முடிகிற இடம் அல்ல. பத்துத் தொழிற்சாலைகளின் மிச்சம் மீதி ஒரே வளாகத்தில் வந்து கலந்திருக்கும். எண்ணெய்ச் சேறு, முலாம் பூசும் கூடத்தின் அமிலம், உலோகப் பாகங்களைக் கழுவிய கரைப்பான், அடியில் கொஞ்சம் ஒட்டிய நிலையில் வந்து இறங்கிய காலி டிரம்கள். ஆலையின் பதிவேட்டில் என்ன வந்தது, எத்தனை டன், எந்தத் தொட்டிக்குப் போனது என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், பதிவேட்டில் பேர் உள்ள தொட்டிகள் பெரும்பாலும் கசிந்திருக்காது. கசிந்த இடங்களுக்குப் பதிவேட்டில் பேரே இருக்காது. லாரியிலிருந்து ஹோஸைக் கழற்றும்போது ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் சொட்டிய இறக்குமிடம், டிரம் கழுவும் முற்றம், தரைக்கு அடியில் உள்ள சம்ப், சம்ப்பிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயின் இணைப்பு, எப்போதோ மண் போட்டு மூடிய ஆவியாக்கும் குட்டை. மண் துளை போடும் இயந்திரத்தைக் கூப்பிடுவதற்கு முன்னால் பழைய வான்வழிப் படங்களை ஆண்டு வாரியாக வரிசைப்படுத்திப் பார்ப்பதும், அங்கே ஷிப்ட் பார்த்த ஆட்களிடம் பேசுவதும் எந்தக் கருவியைவிடவும் மலிவான ஆய்வு. மூடிய குட்டை அலுவலக வரைபடத்தில் இருக்காது, வானத்திலிருந்து எடுத்த படத்தில் இருக்கும்.

கான்கிரீட் தரை இருந்ததே என்பார்கள். கான்கிரீட்டின் நடுப்பகுதியைவிட ஒரு பாளமும் அடுத்த பாளமும் சேரும் இணைப்புக் கோடுதான் ஆபத்து. அதில் அடைத்த தார் போன்ற பொருளைக் கரைப்பான் கரைத்துவிடும். உலோகம் கழுவும் கரைப்பானான ட்ரைகுளோரோஎத்திலீன் (இனி டி.சி.இ.) தண்ணீரைவிட இளக்கமான திரவம், தண்ணீரைவிட கனமானதும்கூட. மயிரிழை விரிசல் கிடைத்தால் போதும். மேலே தங்கியது ஆவியாகிப் போய்விடும், தரையில் கறைகூட இருக்காது. எனவே கறை படிந்த இடத்தில் மட்டும் துளை போட்டால் எண்ணெய் கிடைக்கும், கரைப்பான் கிடைக்காது. குழாய் பதித்த பள்ளங்களையும் விட்டுவிடக் கூடாது. குழாயைச் சுற்றிப் போட்ட மணலும் ஜல்லியும், பக்கத்து இறுகிய மண்ணைவிட எளிதாக நீரைக் கடத்தும். அதனால் மாசு இயற்கையான நீரோட்டத்துக்குக் குறுக்கே, குழாய் போன வழியே போய் நிற்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான ஆவியாகும் கரிமப் பொருள் பட்டியலில் 1,4-டையாக்சேன் பல சமயம் இருக்காது, இருந்தாலும் கண்டறியும் அளவு மோசமாக இருக்கும். டிரைகுளோரோஈத்தேன் கரைப்பான் கெடாமல் இருக்கச் சேர்த்த பொருள் அது. தண்ணீரோடு முழுக்கக் கலந்துவிடும், மண்ணில் ஒட்டாது, எனவே மற்ற எல்லா மாசுக்கும் முன்னால் ஓடும். காற்று ஊதி வெளியேற்றவும் முடியாது, கார்பனிலும் சரியாகப் பிடிபடாது. இதைக் கேட்டுப் பார்க்காமல் காற்றூதும் கோபுரமும் கார்பன் தொட்டியும் கட்டி முடித்துவிட்டு, வெளியேறும் நீரில் அது அப்படியே இருக்கிறதென்று பிறகு கண்டுபிடித்தால், புற ஊதா விளக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்ட இன்னொரு அலகைத் தனியாகச் சேர்க்க வேண்டியதுதான். தீயணைப்பு நுரை பயன்படுத்திய வளாகமென்றால் ஃபுளோரின் சேர்மங்களும் உண்டு. அவற்றில் பிஃபோஆ (PFOA), பிஃபோஸ் (PFOS) இரண்டுக்கும் அமெரிக்கா 2024ல் குடிநீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். மாதிரி எடுப்பவரின் நீர்புகா ஜாக்கெட்டும் டெஃப்லான் குழாயும்கூட அந்த அளவைக் கெடுத்துவிடலாம்.

ஐந்து லிட்டர்

கணக்கைப் போட்டால்தான் விஷயம் உறைக்கும். ஒரு லிட்டர் டி.சி.இ. எடை 1.46 கிலோ. அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் கரைப்பான் சரிசமமாகக் கலந்தால் சுமார் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புவரை கொண்டுபோகும். 200 லிட்டர் டிரம் ஒன்றைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது நிலத்தடியில் ஒரு மணல் அடுக்கு, அதற்குக் கீழே களிமண் என்று வைத்துக்கொள்வோம். கரைப்பான் மணலைத் துளைத்துக்கொண்டு இறங்கிக் களிமண்மேல் பரவி நிற்கிறது. அங்கிருந்து கரைந்த மாசு களிமண்ணுக்குள் ஊறத் தொடங்கும். நீர் ஓடி உள்ளே போகவில்லை, செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாக நகர்கின்றன. 30 ஆண்டில் அரை மீட்டர் போல உள்ளே போயிருக்கும். 20 மீட்டருக்கு 20 மீட்டர் பரப்பில், அரை மீட்டர் ஆழக் களிமண்ணில், சராசரியாகக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இருந்தால் மொத்தம் எவ்வளவு? 200 கன மீட்டர், சுமார் 360 டன், அதில் 7.2 கிலோ. திரவமாகச் சொன்னால் ஏறக்குறைய ஐந்து லிட்டர். ஒரு பக்கெட்டில் பாதிகூட வராது. ஆனால் 144 கோடி லிட்டர் நீரை வரம்புக்கு மேல் வைத்திருக்க அது போதும்.

மறுபக்கம் பம்ப்பின் கணக்கு. நாளுக்கு 100 கன மீட்டர் இறைக்கிறோம், வரும் நீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். ஒரு நாளில் வெளியேறுவது 5 கிராம், ஆண்டுக்கு 1.8 கிலோ. 7.2ஐ 1.8ஆல் வகுத்து நான்கு வருடம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. தவறு அங்கேதான். களிமண் எடுத்துக்கொண்ட வேகத்தில் திருப்பிக் கொடுப்பதில்லை. மேற்பரப்புக்குப் பக்கத்தில் இருப்பது முதலில் வெளியே வரும், உள்ளே இருப்பதில் ஒரு பங்கு இன்னும் ஆழத்துக்கே போய்க்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் வைத்திருந்த பிளாஸ்டிக் கேனை எத்தனை தடவை கழுவினாலும் மறுநாள் மூடியைத் திறந்ததும் வாடை அடிக்குமே, ஏறத்தாழ அதே இயற்பியல். 30 வருடம் ஊறியது வெளியேற 30 வருடத்துக்கு மேலாகவே ஆகும்.

மாதிரியிலேயே தொலைவது

களிமண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிய மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். மண் மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஜீப்பில் வைத்து, சாயங்காலம் ஆய்வகத்துக்கு அனுப்பினால் பாதிக்கு மேல் ஆவியாகிப் போயிருக்கும், ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வரும். துளைக் குழாயை வெட்டித் திறந்த நிமிடமே, முனை வெட்டிய சிரிஞ்சு போன்ற எடுப்பானால் 5 கிராம் மண்ணைக் குத்தி எடுத்து, முன்கூட்டியே எடைபோட்ட மெத்தனால் குப்பிக்குள் தள்ளி மூட வேண்டும். மூடியின் திருகில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால்கூட மெத்தனால் கசியும், எடை மாறும், கணக்கு கெடும். எனவே துடைத்துவிட்டு மூட வேண்டும். ஆழத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் எடுக்கிற பழக்கம் நல்லது. மணலும் களிமண்ணும் சந்திக்கும் கோட்டில் இன்னும் நெருக்கமாக, 5 முதல் 10 சென்டிமீட்டருக்கு ஒன்று. மாசு அந்தக் கோட்டில்தான் குடியிருக்கும். 1.5 மீட்டருக்கு ஒரு மாதிரி என்று பழைய முறையில் எடுத்தால் அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

முதல் சுற்றில் எங்கே துளை போடுவது என்று தெரியாதபோது சவ்வு முனை கொண்ட ஆய்வுக் கம்பி உதவும். முனையைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கி மண்ணுக்குள் அழுத்துவார்கள். பக்கத்திலுள்ள ஆவியாகும் பொருட்கள் சவ்வைத் தாண்டி வந்து, வாயு ஓட்டத்தில் மேலே உள்ள உணரிகளுக்குப் போகும். கூடவே மின் கடத்துத்திறனும் பதிவாவதால் எந்த ஆழம் மணல், எந்த ஆழம் களிமண் என்பதும் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். அது தருவது அளவு அல்ல, இடம். அந்த வரைபடத்தை வைத்துத்தான் மெத்தனால் குப்பிகளை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

நீர் மாதிரியிலும் இதே மாதிரி ஏமாற்றங்கள். 10 மீட்டர் நீளச் சல்லடைக் குழாய் போட்ட கண்காணிப்புக் கிணறு எல்லா ஆழத்தின் நீரையும் கலந்து கொடுக்கும். ஒரு மீட்டர் தடிமனில் 500 மைக்ரோகிராமும் மீதி ஒன்பது மீட்டரில் நல்ல நீரும் இருந்தால் குப்பியில் வருவது 50. நல்ல முன்னேற்றம் என்று கொண்டாடலாம். குறைந்த வேக மாதிரி என்றால் நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர், கிணற்று நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. அமில காரத்தன்மை (pH) 0.1க்குள், கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அளவுகளில் நிலைத்த பிறகே குப்பியை நிரப்ப வேண்டும். 40 மில்லிலிட்டர் குப்பி, விளிம்புவரை, மேலே காற்று இல்லாமல். மூடிய பிறகு தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினால் குமிழி தெரியக் கூடாது. பட்டாணி அளவு குமிழி இருந்தால் அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டு இன்னொன்றை நிரப்புங்கள்.

டி.சி.இ. தண்ணீரில் கரையும் உச்ச அளவு லிட்டருக்கு 1,100 மில்லிகிராமுக்குச் சற்று மேல். கிணற்று நீரில் அதில் ஒரு சதவீதம், அதாவது 11 மில்லிகிராம் வந்தாலே பக்கத்தில் கரையாத கரைப்பான் கிடக்கிறது என்று சந்தேகப்படுவது நடைமுறை. சந்தேகப்பட்ட பிறகு அவசரத்தில் அதே துளையை இன்னும் ஆழமாகக் கொண்டுபோய்விடுவதுதான் பெரிய ஆபத்து. தாங்கி நிற்கும் களிமண்ணை ஓட்டை போட்டால் கரைப்பான் அந்த வழியே கீழ் நீரடுக்குக்கு இறங்கிவிடும். மேலிருந்து குழாயைப் பதித்து, சிமென்ட் நிரப்பி அடைத்து, அதற்குள் சிறிய துளை போட்டுத்தான் கீழே போக வேண்டும்.

நிறுத்தும் நாள்

இறைப்புக் கிணற்றை நான் வீண் என்று சொல்லவில்லை. மாசு வேலியைத் தாண்டிப் போகாமல் தடுக்க அதைப் போன்ற கருவி இல்லை. மணலின் ஊடுருவல் நாளுக்கு 10 மீட்டர், தடிமன் 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு 5 என்றால், நாளுக்கு 100 கன மீட்டர் இறைக்கும் கிணறு நீரோட்டத்தின் மேல் பக்கத்தில் 200 மீட்டர் அகலத்து நீரைத் தன் பக்கம் இழுக்கும். கிணற்றுக்கு நேர் பக்கவாட்டில் அது பாதியாகக் குறையும். கீழ்ப் பக்கம் சுமார் 32 மீட்டர்தான் பிடிக்கும், அதற்கு அப்பால் போனதைத் திருப்ப முடியாது. இந்தக் கடைசி எண்ணை மறந்துவிட்டுக் கிணற்றை மாசுப் பரவலின் நடுவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரைபடத்தில் நடுவில் இருந்தால் அழகாக இருக்கிறதல்லவா.

தடுப்பதும் சுத்தம் செய்வதும் வேறு வேறு வேலை. பம்ப் ஓடும்போது பக்கங்களிலிருந்து நல்ல நீரும் மணல் வழியாக வேகமாக வரும். களிமண்ணை உரசிக்கொண்டு போகும் நீருக்கு மாசை ஏற்றிக்கொள்ள நேரமில்லை, ஏற்றியதும் நல்ல நீரில் கலந்து நீர்த்துப்போகும். எனவே செறிவு குறைந்துதான் தெரியும். நிறுத்தியதும் ஓட்டம் பழைய வேகத்துக்குத் திரும்பும். சரிவு ஆயிரத்துக்கு 5, துளைமை (மண்ணில் இடைவெளியின் பங்கு) 25 சதவீதம் என்றால் நாளுக்கு 20 சென்டிமீட்டர். இப்போது நீர் களிமண்மேல் நிதானமாக நகர்கிறது, நிறைய ஏற்றிக்கொள்கிறது.

நிறுத்தும் சோதனையை ஒழுங்காகச் செய்தால், மாசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அது கிட்டத்தட்டச் சொல்லிவிடும். நான் பார்க்கும் வரிசை இது. சில நாட்களிலோ இரண்டு மூன்று வாரங்களிலோ அளவு குதித்தால், கிணற்றுக்குப் பக்கத்திலேயே கரையாத கரைப்பான் இருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் களிமண்ணைச் சந்தேகிக்கலாம். நீர்மட்டம் உயரும் பருவத்தில் ஏறி, இறங்கும்போது இறங்கினால், நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் ஒட்டியிருக்கும் மாசு. பம்ப் ஓடியபோது நீர்மட்டம் கீழே இருந்ததால் அந்தப் பட்டை காய்ந்து கிடந்தது, இப்போது நனைகிறது. மேல் பக்கத்துக் கிணற்றில் முதலில் ஏறினால் ஆய்வில் விட்டுப்போன, மாசு கிளம்பும் இன்னொரு ஊற்றுக்கண் இருக்கிறது என்று அர்த்தம். இவை கலந்தும் வரும். ஆனால் இதைப் பிரித்துப் படிக்க வேண்டுமானால் மாதிரி அடிக்கடி வேண்டும். நிறுத்துவதற்கு முன் ஒன்று, பிறகு முதல் மாதத்தில் வாரம் ஒன்று, ஆறு மாதம்வரை மாதம் ஒன்று, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. குறைந்தது ஒரு முழு ஆண்டு, அதாவது நீர்மட்டத்தின் ஒரு முழுச் சுற்று. ஒவ்வொரு தடவையும் நீர்மட்டத்தை அளந்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் மூன்றாவது வகையைக் கண்டுபிடிக்கவே முடியாது. நிறுத்தும் காலத்தில் வேலி ஓரத்துக் கிணறுகளுக்கு ஒரு எச்சரிக்கை அளவு வைத்து, அதைத் தொட்டால் பம்ப்பை உடனே ஓட்டலாம். சோதனைக்காகப் பம்ப்பைக் கழற்றத் தேவையில்லை, சுவிட்சை அணைத்தால் போதும்.

இந்தச் சோதனையைப் பத்தாவது ஆண்டின் இறுதிக்கு வைக்காமல், கோடு படுக்கத் தொடங்கிய உடனே, மூன்றாவது ஆண்டிலோ நான்காவது ஆண்டிலோ செய்ய வேண்டும் என்பது என் வாதம். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிடும். மீதி ஆறேழு ஆண்டு மின்சாரக் கட்டணத்தையும் கார்பன் செலவையும் ஊற்றுக்கண்ணின் மேல் செலவழிக்கலாம்.

களிமண்ணை என்ன செய்வது

தோண்டி எடுப்பதுதான் சந்தேகத்துக்கு இடமில்லாத வழி, ஆழம் நான்கைந்து மீட்டருக்குள் இருந்தால். 20க்கு 20 மீட்டர், 4 மீட்டர் ஆழம் என்றால் 1,600 கன மீட்டர், 2,900 டன் போல, 15 டன் லாரியில் 190 நடைக்கு மேல். தோண்டியதும் மண் உப்பும், கன அளவில் 20 முதல் 30 சதவீதம் கூடும். குவிக்க இடம் பார்த்துவைக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே போனால் பள்ளத்தில் ஊறும் நீரும் மாசு நீர்தான், அதற்கும் சுத்திகரிப்பு வேண்டும். பள்ளத்தைத் திறந்ததும் ஆவி கிளம்பும், வீடுகள் பக்கத்தில் இருந்தால் கூடாரம் போட்டுக் காற்றை உறிஞ்சி வடிகட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தின் கோல்லிகனில் 1978 முதல் 1985 வரை நடந்த அபாயக் கழிவுக் கிடங்கை முழுசாகத் தோண்டி எடுத்தபோது, அதன்மேல் பெரிய கூடங்களைக் கட்டி, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் வேலை செய்தார்கள். 2007ல் தொடங்கிய தோண்டல் 2015ல் முடிந்தது. மொத்தச் செலவு 90 கோடி பிராங்க் அளவுக்குப் போனது. ஏழு வருடம் கழிவு வாங்கிய இடம் அது.

பொக்லைன் ஓட்டுநருக்கு ஆழத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் வேலை கெடும். பள்ளத்தின் சுவரிலும் அடியிலும் மாதிரி எடுத்து முடிவு வரும்வரை திறந்தே வைக்க வேண்டும். காசு மிச்சமென்று அன்றைக்கே மூடினால், சுவரில் விட்ட அரை மீட்டரைப் பிடிக்க மறுபடி மொத்தத்தையும் தோண்ட வேண்டியிருக்கும்.

ஆழம் அதிகம், மேலே கட்டடம் என்றால் சூடாக்கும் முறை. மின்முனைகளை இறக்கி மண்ணின் வழியே மின்சாரம் செலுத்தினால் மண் தானே சூடேறும். களிமண் மணலைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், மற்ற முறைகள் தோற்கும் இடத்தில் இது வேலை செய்யும். தண்ணீரோடு சேர்ந்த டி.சி.இ. 73 டிகிரியிலேயே கொதிக்கும், இன்னொரு கரைப்பானான டெட்ராகுளோரோஎத்திலீன் 88ல். வெளிவரும் ஆவியை உறிஞ்சும் குழாய்கள் சரியாக இல்லாவிட்டால் ஆவி சூடில்லாத ஓரத்துக்குப் போய்த் திரும்பத் திரவமாகிவிடும், மாசை இடம் மாற்றியதுதான் மிச்சம். ஒரு கன மீட்டருக்கு 200 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போவது சாதாரணம், எனவே ஊற்றுக்கண்ணின் எல்லையைத் துல்லியமாக வரையாமல் இந்தப் பக்கம் போகக் கூடாது.

ஆக்சிஜனேற்ற ரசாயனம் செலுத்துவது மலிவாகத் தெரியும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கணக்கு காகிதத்தில் ஒரு கிலோ டி.சி.இ.க்கு 2.4 கிலோ. ஆனால் மண்ணில் உள்ள மக்கிய பொருளும் இரும்பும் அதைச் சாப்பிடும். கிலோ மண் 5 கிராம் சாப்பிடுவதாக வைத்தால், ஒரு கன மீட்டருக்கு 9 கிலோ மண்ணுக்கே போய்விடும். அதில் மாசு 36 கிராம்தான் இருக்கலாம். இந்தத் தேவையை ஆய்வகத்தில் அந்த மண்ணிலேயே சோதிக்காமல் டன் கணக்கில் வாங்குவது வீண். செலுத்தும் திரவமும் எளிய வழியைத்தான் தேடும். அழுத்தம் கூடினால் மணல் வழியாக ஓடும், பழைய துளை வழியாகத் தரையில் ஊதா நிறத்தில் கொப்பளிக்கும், களிமண்ணுக்குள் போகாது. மணலில் உள்ளதை எரித்துவிடும், கிணறு சில மாதம் சுத்தமாகத் தெரியும், பிறகு களிமண் தன் வேலையைத் தொடங்கும். முலாம் கழிவு வந்த வளாகத்தில் இன்னொரு கெடுதல்: அமைதியாகக் கிடந்த மூன்றிணைய குரோமியத்தை நஞ்சு மிகுந்த ஆறிணைய குரோமியமாக மாற்றி நீரில் ஓடவிடும்.

நுண்ணுயிர் வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம், பொறுமை இருந்தால். குழம்பாக்கிய தாவர எண்ணெயைச் செலுத்தினால் அது ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் புளித்து ஹைட்ரஜன் தரும், நுண்ணுயிர்கள் அதை வைத்துக் குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றும். டி.சி.இ. டைகுளோரோஎத்திலீனாகும், அது வினைல் குளோரைடாகும், கடைசியில் எத்திலீன். கடைசிவரை கொண்டுபோகும் திறன் பெரும்பாலும் டிஹலோகாக்காய்டீஸ் என்ற நுண்ணுயிர் வகைக்குத்தான் உண்டு. அது மண்ணில் இல்லாவிட்டாலும், அமில காரத்தன்மை அளவு (pH) 6க்குக் கீழே போனாலும் வண்டி பாதியில் நிற்கும். டைகுளோரோஎத்திலீனில் நின்றால்கூடப் பரவாயில்லை. வினைல் குளோரைடில் நின்றால் தொடங்கியதைவிட மோசமான நஞ்சைக் கையில் வைத்திருப்போம். டி.சி.இ. குறைந்துவிட்டது என்ற ஒற்றை எண்ணை வைத்து வெற்றி அறிவிக்கும் அறிக்கையில், எத்திலீன் அளந்தார்களா என்று தேடிப் பாருங்கள். அளக்கவில்லையென்றால் மீதியைப் படிக்க வேண்டாம்.

உலோகச் சேற்றைப் பற்றி விரிவாக எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். சிமென்டோடு கலந்து கட்டியாக்குவது பரவலான முறை, ஆனால் சிமென்ட் கூடினால் நல்லதென்று நினைத்துவிடக் கூடாது. அமில காரத்தன்மை அளவு (pH) 12ஐத் தாண்டினால் ஈயம் திரும்பக் கரையத் தொடங்கும். அளவை மாற்றி மாற்றிச் சின்னக் கட்டிகள் வார்த்து, ஒவ்வொன்றிலும் கரைந்து வெளியேறும் அளவைச் சோதித்துத்தான் கலவையை முடிவு செய்ய வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு பத்தி

இத்தனையும் தெரிந்த பிறகும் படுத்த கோட்டோடு கோப்பு மூடப்படுவதற்குக் காரணம் அறியாமை அல்ல, ஒப்பந்தம். வேலை எடுத்தவருக்குக் கடைசித் தவணை, செறிவு வரம்புக்குக் கீழே வந்ததும் கிடைக்கிறது. பம்ப்பை நிறுத்திப் பார்க்க அவருக்கு என்ன அவசியம்? நிறுத்தினால் ஏறும், ஏறினால் பணம் நிற்கும். எனவே ஒப்பந்தத்திலேயே இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, கடைசித் தவணையில் கணிசமான பங்கு நிறுத்திய ஓராண்டுக்குப் பிறகான அளவோடு கட்டப்பட வேண்டும், அந்த ஓராண்டு மாதிரிச் செலவு தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்கப்பட வேண்டும். இரண்டு, இலக்கைச் செறிவில் மட்டும் எழுதாமல், வேலியைத் தாண்டும் மாசு நாளுக்கு எத்தனை கிராம் என்றும் எழுத வேண்டும். 50 மீட்டர் அகலம், 5 மீட்டர் தடிமன், மேலே சொன்ன அதே மணல், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் நாளுக்குத் தாண்டுவது 12.5 கிராம். இந்த எண்ணைப் பம்ப்பை வேகமாக ஓட்டி நீர்த்துப்போக வைக்க முடியாது, சல்லடைக் குழாயை நீட்டி மறைக்கவும் முடியாது. வேலிக்குக் குறுக்கே ஒரே கோட்டில் ஆறேழு இடங்களில், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் செலவு கூடும். தேவையில்லாத ஓர் ஆண்டு இறைப்பைவிட அது குறைவாகவே வரும்.

கிணறுகளை மூடுவதும் இதற்குப் பிறகுதான். நிறுத்தும் சோதனை முடிவதற்கு முன்னால் கண்காணிப்புக் கிணறுகளை அடைத்துவிட்டால் கேள்வியைக் கேட்கும் வழியையே அடைத்த மாதிரி. அடைக்கும்போது மேலிருந்து ஜல்லியும் மண்ணும் கொட்டக் கூடாது. குழாயை அடிவரை இறக்கி, நீரில் உப்பும் பென்டோனைட் களிமண் கலந்த சிமென்ட் குழம்பைக் கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே குழாயை உயர்த்த வேண்டும். மேலிருந்து கொட்டினால் நடுவில் பாலம் கட்டிக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். மேல் அடுக்கின் மாசு நீர் கீழ் அடுக்குக்கு இறங்க நாமே போட்டுக் கொடுத்த குழாயாக அது மிஞ்சும்.